சுருட்டுப் பறிபோன முகம்

"படங்களைப் பற்றி எழுத உமக்கென்ன தகுதி இருக்கு? நீர் ஊரிலை சரித்திரம் படிப்பிச்சனீர். இப்ப கோழி பொதி செய்யிறீர்." சென்ற மாதம் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து, குளிருக்குள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் நண்பரொருவர் இப்படிக் கேட்டார். அவர் சொன்ன இரண்டும் சரி. ஓவியமோ புகைப்படக்கலையோ நான் முறையாகக் கற்றவனல்ல. ஆனால் நான் பேசவந்த படம் கலைக்கூடத்தில் மாத்திரம் தொங்குவதல்ல. வேலைத்தலக் கன்ரீனில் தேநீருக்குப் பத்துப் பவுண் நீட்டினால் மிச்சக்காசோடு கைக்கு வந்துசேரும் படம் அது. அதைப் பார்ப்பதற்கு யாரிடமும் தகுதிப்பத்திரம் வாங்கவேண்டியதில்லை.

2016 செப்ரெம்பரில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட ஐந்து பவுண் பிளாஸ்ரிக் தாளின் பின்பக்கத்தில் வின்ஸ்ரன் சேர்ச்சில் இருக்கிறார். புருவம் நெரித்து, உதடு பிதுக்கி, எதிரே நிற்பவரைக் கடித்துவிடுவார்போலப் பார்க்கிறார். பணத்தாளில் அச்சிட்ட முகங்கள் வழக்கமாக எம்மைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இது எம்மை முறைக்கிறது. நாசிகளுக்கு அடிபணியாத பிரித்தானியாவின் முகம் என்று உலகம் இதை ஏற்றுக்கொண்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நானும் ஏற்றுக்கொண்டவன்தான். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இரண்டாம் உலகப்போர் பற்றிய வகுப்புக்கு இந்தப் படத்தின் மங்கலான போட்டோப் பிரதியொன்றைக் கொண்டுபோய், "இந்த முகத்தில் தெரியும் உறுதியைப் பாருங்கள்" என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் குறித்துக்கொண்டார்கள். பரீட்சை விடைத்தாள்களில் அந்த 'உறுதி' திரும்பி வந்தது, புள்ளியும் போட்டேன்.

அது உறுதியல்ல, சுருட்டைப் பறிகொடுத்த எரிச்சல் என்பது பின்னாளில்தான் தெரியவந்தது.

படம் எடுக்கப்பட்டது 1941 டிசம்பர் 30ஆம் திகதி, ஒட்டாவாவில். கனேடிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டுச் சேர்ச்சில் சபாநாயகரின் அறைக்கு வருகிறார். அங்கே விளக்குகளையும் பெரிய கமராவையும் பூட்டி வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். கனேடியப் பிரதமர் மக்கென்சி கிங் செய்த ஏற்பாடு. சேர்ச்சிலிடம் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே சுருட்டைப் பற்றவைத்து, ஒரேயொரு படத்துக்குச் சம்மதிக்கிறார். படம்பிடிப்பவர் சாம்பல் கிண்ணத்தை நீட்டுகிறார். சுருட்டு வாயை விட்டு இறங்குவதாயில்லை. கமராவைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிரதமரின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிடுகிறார். மீண்டும் கமராவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த முகம் அப்படி மாறிவிட்டது. அந்தக் கணத்தில் படம் விழுந்தது. பிறகு சேர்ச்சிலே சிரித்து, இன்னொன்று எடுக்க இடங்கொடுத்தார். கர்ச்சிக்கும் சிங்கத்தைக்கூட அசையாமல் நிற்கவைத்துவிட்டீர் என்று பாராட்டியதாகவும் கதை. 'கர்ச்சிக்கும் சிங்கம்' என்ற பெயர் படத்துக்கு அப்படித்தான் வந்தது. இதையெல்லாம் சொன்னவர் படம்பிடித்தவரே என்பதை ஒரு பழைய சரித்திர ஆசிரியனாகக் குறித்து வைக்கிறேன். வாழ்நாள் முழுவதும் சொன்ன கதை சொல்லச்சொல்லக் கொஞ்சம் மெருகேறியும் இருக்கலாம். ஆனால் சிரித்த முகத்தோடு எடுத்த இரண்டாவது படம் இருக்கிறது. அதை எவரும் பார்க்கலாம்.

யார் இந்தப் படம்பிடிப்பவர்? யூசுப் கார்ஷ். 1908இல் ஒட்டோமன் சாம்ராச்சியத்தின் மார்டின் நகரில் பிறந்த ஆர்மேனியர். ஆர்மேனிய இனப்படுகொலையைச் சிறுவனாகக் கண்ணால் கண்டவர், உறவினரைப் பறிகொடுத்தவர். 1922இல் குடும்பம் அலெப்போவுக்குத் தப்பியோடியது. பதின்ம வயதில் தனியாகக் கப்பலேறிக் கனடாவிலிருந்த மாமனிடம் வந்துசேர்ந்தார். மாமன் கியூபெக்கில் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்தவர். பின்னர் பொஸ்ரனில் இன்னொரு ஆர்மேனியரிடம் தொழில் பழகி, 1930களில் ஒட்டாவாவில் சொந்தமாகக் கடை போட்டார். சுருக்கமாகச் சொன்னால் எம்மைப்போல ஒருவர். மாமனை நம்பி வந்தவர், தன் ஆட்களிடம் வேலை பழகியவர்.

அகதியொருவன் ஒரு சாம்ராச்சியத்தின் பிரதமரது வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கினான் என்பது எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிய விடயமாகப் படுகிறது. எமது புகலிட அட்டைக்குப் படமெடுத்த நாளை நினைத்துப்பாருங்கள். நிமிரச் சொன்னார்கள், சிரிக்காதே என்றார்கள், காதைக் காட்டச் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். இங்கே அது தலைகீழாகிறது. படத்தில் பதிந்திருப்பது அதிகாரத்தின் முகமல்ல; அதிகாரம் ஒருசில விநாடிகள் கைநழுவிய முகம். ஆனால் அதிசயம் என்னவென்றால், அந்த நழுவலே அதிகாரத்தின் மிகச்சிறந்த விளம்பரமாகிவிட்டது. கார்ஷின் துடுக்குத்தனம் படத்துக்குள் நுழைந்த மறுகணமே காணாமற்போய், சேர்ச்சிலின் வீரமாக வெளியே வந்தது.

இதற்குக் காலமும் ஒத்தாசை செய்தது. பேர்ள் துறைமுகத் தாக்குதல் நடந்து மூன்று வாரங்கள். ஹொங்கொங் யப்பானியரிடம் வீழ்ந்து ஐந்தே நாட்கள். அங்கே அனுப்பப்பட்ட ஏறத்தாழ 2000 கனேடியப் படையினரில் செத்தவர் போக எஞ்சியோர் கைதிகள். அன்று ஒட்டாவாவில் இருந்தவர்களுக்குக் கோபங்கொண்ட ஒரு முகம் தேவைப்பட்டது. அது யாரைக் கோபிக்கிறது என்று அவர்கள் விசாரிக்கவில்லை. ஒரு முகத்தின் கருத்தை முகம் தீர்மானிப்பதில்லை, பார்ப்பவனின் தேவை தீர்மானிக்கிறது என்று நாம் கருத்தரங்குகளில் பெரிய சொற்களால் பேசுவதற்கு இதைவிடச் சுலபமான உதாரணம் கிடையாது.

இனி மற்றப் படம். அது இப்போது இல்லை.

1954 நவம்பர் 30, சேர்ச்சிலுக்கு 80 வயது. இரண்டாம் தடவையாகப் பிரதமர். நாடாளுமன்றத்தின் இரு சபையினரும் காசு சேர்த்து, கிரஹாம் சதர்லன்ட் என்ற ஓவியரைக்கொண்டு அவரது உருவப்படமொன்றை வரைவித்து, வெஸ்ற்மினிஸ்ரர் மண்டபத்தில் வைத்து அளித்தார்கள். கதிரையின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு, உடம்பு கீழே அமிழ, முன்னே பார்த்திருக்கும் கிழவர். வீரப்பதக்க அங்கியில்லை, சுருட்டில்லை. ஓவியர் கண்டதை வரைந்திருந்தார். மேடையில் சேர்ச்சில், இது நவீன ஓவியத்துக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு என்றார், சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் சதர்லன்டின் கதை முடிந்தது. படம் கென்ற்றில் இருந்த சேர்ச்சிலின் வீட்டுக்குப் போய், ஒருநாளும் சுவரில் ஏறாமல், ஓரிரு ஆண்டுகளுக்குள் எரிக்கப்பட்டது. அவரது மனைவி கிளெமென்ரைன் இறந்தபின் 1978இல்தான் அழிக்கப்பட்ட சங்கதி வெளியே வந்தது. எரித்தவர்கள் வீட்டுச் செயலாளரும் அவரது சகோதரரும் என்ற விபரம் இன்னும் பிந்தி, ஓர் ஒலிநாடாவிலிருந்து 2015இல் வெளிவந்தது.

இதில் எவரும் அதிகம் கவனிக்காத ஒன்றுண்டு. 1953 யூனில் சேர்ச்சிலுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பிரதமர் சரியாக நடக்கவோ பேசவோ முடியாமற் கிடந்தார். பத்திரிகை முதலாளிகள் தமக்குள் பேசி ஒத்துக்கொண்டு அதை வெளியிடாமல் விட்டார்கள். ஆகவே 1954இல் அந்த நாட்டு மக்களுக்குத் தம் பிரதமரின் உடல்நிலை பற்றி உண்மை சொன்ன ஒரேயொரு பகிரங்க ஆவணம் சதர்லன்டின் படம்தான் என்று நான் வாதிடுவேன். ஓவியருக்கு அந்த நோய் பற்றித் தெரிந்திருந்ததா என்பது அவசியமில்லை. அவர் கண்ணுக்கு எதிரே ஒரு களைத்த உடம்பு இருந்தது; அதை எழுதினார். நான்கு மாதங்கள் கழித்து, 1955 ஏப்ரலில், சேர்ச்சில் பதவி விலகினார். சேர்ச்சிலும் அறியாதவரல்லர். தானே தூரிகை பிடித்தவர். றோயல் அக்கடமி அவரைக் கௌரவ உறுப்பினராக்கியிருந்தது. படம் மோசம் என்பதற்காக அல்ல, படம் சரி என்பதற்காகவே அவர் நொந்துபோனார் என்பது என் துணிபு.

பஸ் தரிப்பிடத்தில் நண்பர் இதை மறுத்தார். "மனுசிக்குப் புருசன்ரை அந்த முகத்தைப் பாக்கேலாமல் இருந்திருக்கும். பரிசாக் குடுத்த பொருள்தானே. எரிச்சால் என்ன?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கிளெமென்ரைனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். எம்மவரின் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். எண்பத்தைந்தில் இறந்த ஐயாவுக்கு நாற்பத்தைந்து வயதுப் படம், தலைமயிர் கறுப்பு, பின்னால் இல்லாத பூந்தோட்டம். அதுவும் ஒருவகை அன்புதான். ஆனால் ஐயா எந்த நாட்டையும் ஆளவில்லை. பிரதமரின் முகம் மனைவிக்கு மாத்திரம் சொந்தமானதல்ல; அதற்குக் கீழே வாழ்ந்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

செத்தவர்கள் என்றது வங்காளத்தை நினைத்து. 1943இன் பஞ்சத்தில் இறந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. இந்தியாவிலிருந்து கேட்ட அளவு தானியத்துக்குக் கப்பல் ஒதுக்க லண்டனின் போர் அமைச்சரவை திரும்பத்திரும்ப மறுத்தது. சேர்ச்சிலின் தனிப்பட்ட பொறுப்பு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை சண்டையிடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் இங்கே நான் போகவில்லை. நான் சொல்லவருவது படங்களைப் பற்றி. அந்த ஆண்டில் சித்தபிரசாத் என்ற இளம் ஓவியர் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊரூராகத் திரிந்து, பட்டினியால் சாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். பல படங்களில் ஆளின் பெயரையும் ஊரையும்கூடக் குறித்தார். 'பசித்த வங்காளம்' என்று அது நூலாக வந்தபோது பிரித்தானிய ஆட்சி பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. குடும்பத்தார் காப்பாற்றி வைத்த பிரதியொன்றிலிருந்துதான் பிற்காலத்தில் மறுபதிப்புச் செய்ய முடிந்தது.

ஒரே பிரதமரின் காலத்தைச் சேர்ந்த இரண்டு தீ. ஒன்று வீட்டுக்காரர் மூட்டியது, மற்றது அரசாங்கம் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். ஆயினும் எரிந்தவை எவை, தப்பியது எது என்று பார்க்கும்போது எனக்குக் கார்ஷ் மேல் கோபம் வருகிறது. அது நியாயமற்ற கோபம் என்றும் தெரிகிறது. படுகொலையிலிருந்து தப்பிய ஒருவர் தன் வாழ்நாளைப் பிரதமர்களையும் மன்னர்களையும் மேதைகளையும் கம்பீரமாக ஒளியூட்டுவதில் ஏன் செலவழித்தார்? நன்றிக்கடனா? பிழைப்பா? கெட்ட மனிதரையே அதிகம் கண்டவர் நல்ல மனிதரைத் தேடினார் என்று அவர் பக்கம் நின்றும் சொல்லலாம். தஞ்சம் தந்த நாட்டின் சுவருக்கு அழகான படம் செய்துகொடுப்பது அகதிக்குக் கிடைக்கும் மிக இலகுவான கௌரவம். நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்; உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்திப் படமெடுக்கும் கைகளும் எமது கைகளே. எமது சொந்தத் தலைவர்களின் படங்களை நாம் எப்படித் திருத்தி மாட்டுகிறோம் என்பதை இங்கே விரித்தால் ஆசிரியரின் தொலைபேசி ஓயாது. அதை வேறொரு இதழுக்கு, அவருக்குத் துணிவிருந்தால், எழுதித் தருகிறேன்.

ஒரு கிளைக்கதை. கார்ஷ் பல ஆண்டுகள் வசித்த ஒட்டாவா ஹோட்டலில் அவரே கையொப்பமிட்ட சிங்கத்தின் பிரதியொன்று தொங்கியது. 2021 டிசம்பர் கடைசிக்கும் 2022 யனவரி முற்பகுதிக்கும் இடையில் எவரோ அதைக் கழற்றிக்கொண்டுபோய், போலியொன்றைக் கொழுவிவிட்டார். 2022 ஓகஸ்ற்றில், சட்டம் வித்தியாசமாக இருக்கிறதே என்று ஹோட்டல் ஊழியர் ஒருவர் கவனிக்கும்வரை எவருக்கும் தெரியாது. (அசல் இத்தாலியில் ஒருவரிடம் அகப்பட்டு 2024இல் திரும்பியது.) ஏழெட்டு மாதம் அந்த வழியால் போனவர்கள் வந்தவர்கள் எல்லோரும் போலியைத்தான் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றா சொல்வது? கடைசியில் காட்டிக்கொடுத்ததும் முகமல்ல, சட்டம்.

சதர்லன்ட் ஆயத்தமாகச் செய்த சில வரைவுகள் தப்பியிருக்கின்றன. லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் சில உள்ளன. இன்னொன்று 2024 யூனில் 6 இலட்சத்து 60 ஆயிரம் பவுணுக்கு ஏலம்போனது. உயிரோடிருந்தபோது சபை சிரித்ததை நினைத்துக்கொண்டேன்.

கார்ஷின் இரண்டு படங்களையும், முறைப்பதையும் சிரிப்பதையும், கடதாசியில் அச்செடுத்து வேலைத்தலத்தில் என் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். என்னோடு பொதி செய்யும் ருமேனியப் பெடியன் எட்டிப் பார்த்தான். முறைக்கும் முகத்தைத் தொட்டு, "ஐந்து பவுண்" என்றான். சிரிக்கும் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இது அவருடைய தம்பியா?" என்று கேட்டான்.