நிறம் மாறும் நொடியைப் பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளை நனைத்து, ‘நீலம் சிவப்பானது, எனவே அமிலம்’ என்று நோட்டில் எழுதியதோடு நம்மில் பலருக்கு இந்த விஷயம் முடிந்துபோனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. லிட்மஸ் தீர்ப்பை மட்டும் சொல்லும், விசாரணையைக் காட்டாது. விசாரணையைப் பார்க்க வேலியோரத்து நீலச் சங்குப்பூ போதும்.

ஒரு கைப்பிடி பூவைக் காம்பு கிள்ளி, கொதிநீரில் போட்டு மூடி வையுங்கள். கால் மணி நேரத்தில் சாறு கருநீலமாக இறங்கியிருக்கும். வடிகட்டி ஆறவைத்து, நான்கு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி, பகல் வெளிச்சத்தில் வரிசையாக வையுங்கள். விளக்கொளியில் நீலமும் ஊதாவும் ஒன்றோடொன்று குழம்பும். முதல் கிண்ணத்தில் எதையும் சேர்க்காதீர்கள். மற்ற மூன்றையும் அதோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

இரண்டாவதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே கலக்க வேண்டாம். சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதா இழைகள் கிளம்பி, நெளிந்து, அடிவரை இறங்கிப் பரவும். அமிலம் நீரில் நடந்து போவதையே கண்ணால் பார்க்கிறீர்கள். மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா: நீலம் மெல்லப் பச்சைப் பக்கம் சாயும். நான்காவதில் தெளிந்த சுண்ணாம்பு நீர்: அப்பட்டமான பச்சை. இரண்டும் காரம்தான், வீரியம்தான் வேறு. அமில-கார வீரியத்தைக் குறிக்கும் பிஎச், சோடாக் கரைசலுக்கு ஏறக்குறைய 8.3, சுண்ணாம்பு நீருக்கு 12க்கும் மேல். பிஎச்சில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு என்பதால், இரண்டு கரைசல்களுக்கும் இடையில் ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி.

பூச்சாற்றின் இந்த நிறமாற்றம் புதிதல்ல. வேதியியலாளர் ராபர்ட் பாயில் 1664இல் வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதிவைத்தார். பிஎச் என்ற அளவு 1909இல்தான் வந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் கொடுத்தது.

நடுநிலையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். மஞ்சள் கரைத்த நீரில் எலுமிச்சை விட்டாலும் மஞ்சள்தான், உப்புத் தண்ணீர் விட்டாலும் மஞ்சள்தான். காரத்துக்கு மட்டுமே அது சிவக்கும். ஆகவே ‘நிறம் மாறவில்லை’ என்பதை வைத்து நடுநிலை என்று சொல்லிவிட முடியாது. சங்குப்பூவிடமும் கேளுங்கள். இரண்டும் மாறாமல் நின்றால், நடுநிலைக்கு ஓரளவு அருகில் இருக்கிறோம் என்று சொல்லலாம்.

கழிவறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கலந்தால் நச்சு வாயு வரும். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. சோதித்த எதையும் நாக்கில் வைக்க வேண்டாம்.

இனி ஆரத்தி நீருக்கு வருவோம். நான் யாருக்கும் முதலில் காட்டுவது இதைத்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சிவப்பில் எலுமிச்சையைச் சொட்டுங்கள். விழுந்த இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. கரண்டியால் கலக்கினால் சிவப்பு அதை விழுங்கிவிடும். அடுத்த சொட்டு, மறுபடி கலக்கல். போகப் போகப் புள்ளி மறைய நேரம் எடுக்கும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஒரு சொட்டில் தட்டு முழுவதும் மஞ்சளாகி, கலக்கினாலும் அப்படியே நிற்கும். சிவக்கவைக்கும் அளவுக்கு இனிக் காரம் மிச்சமில்லை. கொஞ்சம் சுண்ணாம்பு நீர் விடுங்கள், சிவப்பு திரும்பிவரும்; எலுமிச்சை கைவசம் இருக்கும்வரை இப்படியே மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.