தறிக்காரர் வீட்டுச் சீட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் திருக்கச்சி நம்பி தெருவை ஒட்டிய ஒரு வீட்டில், தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. இடது பக்கம் நெய்து கொடுத்த புடவைகளும் வாங்கிய கூலியும். வலது பக்கம் சீட்டுக்குக் கட்டிய பணம். இடது பக்கத்தில் தேதிகளுக்கு ஒழுங்கில்லை. ஒரு புடவைக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நாளும் இருக்கும். ஐப்பசி மழையில் குழித்தறி ஈரம் கோத்துக்கொண்டால் ஒரு மாதமும் ஆகும். வலது பக்கத்தில் மாதா மாதம் ஐந்தாம் தேதி தவறியதே இல்லை. நெசவாளரின் சேமிப்பை எடைபோடுகிறவர் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஏலச்சீட்டு இங்கே ஏன் இவ்வளவு வேரூன்றியது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம், லட்ச ரூபாய்ச் சீட்டு. நடத்துகிறவருக்கு மாதம் 5,000 கமிஷன். முதல் மாத ஏலத்தில் ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுக்கிறார். தள்ளிய பணத்தில் கமிஷன் போக மிச்சம் 25,000. ஆளுக்கு 1,250 குறைந்து 3,750 கட்டினால் போதும். தள்ளுத் தொகை மாதா மாதம் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போய், கடைசி மாதம் கமிஷன் மட்டும் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மொத்தம் கட்டுவது 87,500. கடைசி வரை பொறுத்தவர் கையில் 95,000 வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 11 சதவீதம். முதலில் எடுத்தவருக்கோ அது ஆண்டுக்கு ஏறக்குறைய 28 சதவீத வட்டிக் கடன்.

ஆக, ஒரே சீட்டு ஒருவருக்குச் சேமிப்பு, இன்னொருவருக்குக் கடன். அந்தக் கடனையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். வெளியே மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 36 சதவீதம். பத்திரம் கேட்காமல், ஜாமீன் கேட்காமல், மகள் கல்யாணத்துக்கு 70,000 ரூபாயை ஒரே நாளில் கையில் வைப்பது அக்கம்பக்கத்துச் சீட்டுதான். மாதக் கூலி இல்லாதவரை மாதா மாதம் கட்டவைப்பதும் அதுவே. பக்கத்து வீட்டார் முன்னால் தவணை தவறக் கூடாது என்ற கூச்சம் செய்யும் வேலையை எந்த வங்கியின் குறுஞ்செய்தியும் செய்யாது.

குறை அதே இடத்தில்தான் இருக்கிறது. 2019 ஜூலையில், அத்தி வரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுந்தருளி ஊரே ஜனக்கடலாக இருந்தபோது தொடங்கிய சீட்டு ஒன்றை எனக்குத் தெரியும். ஒன்பதாவது மாதம் ஊரடங்கு வந்தது. தறி நின்றது, ஏற்கெனவே எடுத்தவர்களால் கட்ட முடியவில்லை. சீட்டு நடத்திய அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து, எடுக்காதவர்களுக்குப் பணம் கொடுத்தார். அவர் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் கேட்க நாதியில்லை. சீட்டு பதிவு செய்யப்படவில்லை. 1982-ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டப்படி பதிவான சீட்டென்றால், நடத்துகிறவர் முன்கூட்டியே பிணை கட்டியிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் நேர்மையை மட்டும் நம்பி இருபது குடும்பங்கள் பணம் போடுவதை நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஊரடங்கு வந்த அந்த ஆண்டு பல வீடுகளைக் காத்தது தங்கம். அரை மணி நேரத்தில் பணமாகும் பொருள் வேறு எது? அதன் விலையும் ஏறத்தான் செய்கிறது. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு விற்ற அரசின் தங்கப் பத்திரம் 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்குத் திரும்பியது. அதற்கு மேல் ஆண்டுக்கு இரண்டே முக்கால் சதவீத வட்டி வேறு. ஆனால் நகை அந்தப் பத்திரம் அல்ல. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் வாங்கிய அன்றே போய்விடுகின்றன. 2012-இல் வாங்கியவர் 2018 வரை பெரிய ஏற்றம் எதையும் பார்க்கவில்லை என்பதும் மறந்துபோகிறது. பதினோரு மாத நகைச் சீட்டில் சேதாரம் மிச்சம் என்பார்கள். கடை மூடினால் மொத்தமும் போகும்.

பங்குச் சந்தை ஃபண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல இங்கே தேவையில்லை. 2020 ஜனவரியில் 41,000-ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000-க்கு அருகே விழுந்து, ஆண்டு முடிவதற்குள் மீண்டது. மீளும்வரை காத்திருக்க முடிந்தவருக்கு அது நல்ல வழி. தறி நின்ற அதே மார்ச்சில் நெசவாளரால் காத்திருக்க முடியாது.

அதிகம் பேசப்படாதவை இரண்டு. ஒன்று அஞ்சலகம். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு. பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டத்தில் 2024 ஜனவரி முதல் 8.2 சதவீதம். வட்டி சீட்டைவிடக் குறைவு, அவசரத்துக்கு முழுதாக எடுக்கவும் முடியாது. ஆனால் ஒரு பைசா போகாது. மற்றொன்று கூட்டுறவுச் சங்க நெசவாளர்களின் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம். கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளர் போட்டால் அரசு 4 பைசா சேர்க்கிறது. போட்டதில் பாதி கூடுதலாகச் சேர்கிறது. எந்தச் சீட்டும் எந்த ஃபண்டும் இதைத் தராது. தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவருக்கு இது இல்லை என்பதுதான் பெரிய அநியாயம்.

கணக்குப் போடாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2022-இல் வெளிவந்த ஆருத்ரா நிறுவன மோசடியில் மாதமே 25, 30 சதவீதம் என்ற பேச்சை நம்பி லட்சம் பேருக்கு மேல் பணத்தைக் கொடுத்தார்கள். நம் லட்ச ரூபாய்ச் சீட்டில் கடைசி வரை பொறுத்தவருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே 11 சதவீதம் என்று நோட்டில் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தவர் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார்.

சங்க உறுப்பினராக இருப்பவர்கள் உங்கள் 8 பைசாவும் அரசின் 4 பைசாவும் ஒழுங்காக வரவாகின்றனவா என்று இந்த மாதமே சங்கத்தில் கேளுங்கள். சீட்டை விட வேண்டாம். அடுத்த சீட்டில் சேருமுன் அதன் பதிவு எண்ணைக் கேட்டு, நோட்டின் வலது பக்கத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.