உள்ளே ஒன்றுமில்லாத சுவரில் 55 அங்குல டிவி

டொரோண்டோ பக்கத்து வீடுகளில் உட்சுவரைத் தட்டிப் பாருங்கள், வெற்றொலிதான் கேட்கும். அரை அங்குலத் தடிப்பில் ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் மூன்றரை அங்குல வெளி. நடுவே, பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக, மரச்சட்டங்கள். பலகையை இங்கே ட்ரைவால் என்கிறார்கள், சட்டத்தை ஸ்டட் என்கிறார்கள். செங்கல் சுவரில் துளை போட்டுப் பிளக் அடித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சுவர் புதிது.

கடையிலோ, ஸ்டட் இல்லாத இடத்தில் ட்ரைவாலையே பிடித்துக்கொள்ளும் ஆங்கர்கள், '200 பவுண்டு தாங்கும்' என்று அச்சடித்த பொட்டலங்களில் வரிசையாகத் தொங்குகின்றன. இன்றைய 55 அங்குல டிவி சுமார் 40 பவுண்டுதான், அதாவது 18 கிலோ. பிறகு எதற்கு ஸ்டட்டைத் தேடி அலைய வேண்டும்? இதற்குப் பதில் காண, கடையில் கிடைக்கும் ஆங்கர் வகைகளை மிச்சமிருந்த ட்ரைவால் துண்டில் பொருத்தி இழுத்துப் பார்த்தேன்.

முதலில் கணக்கு

சுவர் தாங்கவேண்டியது டிவியின் எடையை மட்டுமல்ல. நீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். சுவரோடு ஒட்டி நிற்கும் தட்டை பிராக்கெட்டில் டிவியின் எடை மையம் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை நாலரை கிலோதான். அதே டிவியை முன்னே நீளும் கை பிராக்கெட்டில் மாட்டி 50 செ.மீ. இழுத்தால் அந்த விசை 45 கிலோ. டிவி மாறவில்லை, சுவரும் மாறவில்லை; இழுவை மட்டும் பத்து மடங்கு.

மேலே இரண்டு ஆங்கர் என்றால் தலைக்கு 22.5 கிலோ. பொட்டலத்தில் உள்ள 200 பவுண்டு, 90 கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் பெரும்பாலும் அது ஆங்கர் பிய்த்துக்கொண்டு வரும் எல்லை. வேலைக்கு அதில் நாலில் ஒரு பங்கைத்தான் எடுப்பது வழக்கம். அது சுமார் 22.5 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிராக்கெட் கையின் எடையும், டிவியைத் திருப்பும்போது நாம் கொடுக்கும் இழுப்பும் இன்னும் சேரவே இல்லை. ஒவ்வொரு திருப்பலிலும் துளையைச் சுற்றி ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கும் என்பது வேறு.

ஆங்கர்கள்

பிளாஸ்டிக் பிளக்கும், தானே துளைத்துக்கொண்டு போகும் சுருள் ஆங்கரும் படச் சட்டத்துக்குப் போதும். இழுத்தபோது சுருள் ஆங்கர் ஜிப்சம் தூளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தது. டிவிக்கு வேண்டாம்.

மோலி போல்ட்டின் உலோக உறை பலகைக்குப் பின்னால் மடிந்து கவ்வுகிறது. சிறு அலமாரிக்கு நல்லது. அளவுக்கு மேல் இறுக்கினால் பலகையின் மேல்தாள் கிழிகிறது; ட்ரைவாலின் உறுதியில் பெரும்பங்கு அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் டாகிள் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் போல்ட்டை முதலில் பிராக்கெட்டில் கோத்து, இறக்கையை மாட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுவருக்குள் நுழைக்க வேண்டும். பின்னொரு நாள் போல்ட்டைக் கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் சிறந்தது பட்டை வைத்த டாகிள். அரை அங்குலத் துளை வழியே உலோகத் துண்டு உள்ளே போய்க் குறுக்கே திரும்புகிறது. பிளாஸ்டிக் பட்டையை இழுத்து, மூடியை இறுக்கி, மிச்சத்தை ஒடித்துவிடலாம். போல்ட்டை எத்தனை தடவை கழற்றினாலும் உள்ளிருக்கும் துண்டு அசையாது. காண்டோ வீடுகளில் மரத்துக்குப் பதில் மெல்லிய தகட்டு ஸ்டட்தான் அதிகம். அதில் தடித்த மரத்திருகு பிடிக்காது. தகட்டையும் சேர்த்துத் துளைத்து இந்த டாகிளைப் போட்டால், தட்டை பிராக்கெட்டுக்கு அதுவே சரியான பிடி.

ஸ்டட்டைத் தேடுதல்

மின்னணு ஸ்டட் ஃபைண்டர் வேகமானது. ஆனால் குழாயையும் ஒயரையும் கண்டு சில நேரம் தடுமாறும். எனக்குப் பிடித்தது காந்தம். ட்ரைவாலை ஸ்டட்டில் அறைந்த திருகுகளில் ஒட்டும். மேலும் கீழுமாக நாலைந்து இடத்தில் ஒட்டினால் ஸ்டட் கிடைத்துவிட்டது. பிராக்கெட் மறைக்கப்போகும் இடத்தில் மெல்லிய ஆணியால் குத்தி, ஸ்டட்டின் இரு ஓரங்களையும் உறுதி செய்யுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் நடுவைத் தவறவிட்டால் திருகு மரத்தின் விளிம்பைப் பிளக்கும். காந்தம் ஓரிடத்தில் அகலமாக, பலமாக ஒட்டினால் அங்கே துளைக்காதீர்கள். ஒயரையோ குழாயையோ காக்க ஸ்டட்டில் அறைந்த இரும்புத் தகடாக இருக்கலாம்.

ஸ்டட் கிடைத்ததும் முதலில் சிறு துளை, பிறகு 5/16 அங்குலத் தடித்த மரத்திருகு (லாக் திருகு), கையால் இறுக்கும் ராச்செட். டிரில்லால் விரட்டி இறுக்கினால் மரத்தில் புரி தேய்ந்துவிடும். சுமார் இரண்டு அங்குலம் மரத்துக்குள் இறங்கிய திருகை, முழு பலத்தோடு தொங்கி இழுத்தும் அசைக்க முடியவில்லை.

டிவி வர வேண்டிய இடத்துக்கு நேராக ஸ்டட் இல்லையென்றால், சுவர்த் தட்டு நீளமான பிராக்கெட்டாக வாங்குங்கள்; அதில் டிவியைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். இல்லாவிட்டால் முக்கால் அங்குலப் பிளைவுட்டை இரண்டு ஸ்டட்டுக்குக் குறுக்கே திருகி, அதன்மேல் பிராக்கெட்டை மாட்டலாம். டிவியின் பின்புறத் துளைகள் 200×200, 300×300, 400×400 மி.மீ. போன்ற வேசா அளவுகளில் எதைச் சேர்ந்தவை என்பதையும் வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். மின்கம்பியைச் சுவருக்குள் ஒளிக்க ஆசைப்பட வேண்டாம். டிவியோடு வரும் கம்பியை அப்படிப் புதைக்க விதி இடம் தராது. டிவிக்குப் பின்னால் புதிய பிளக் பாயின்ட் வைக்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தீர்ப்பு

பொட்டலத்து எண்ணைப் பார்த்து ஆங்கர் வாங்குவதைவிட, பிராக்கெட்டைப் பார்த்துச் சுவரை முடிவு செய்யுங்கள். தட்டை பிராக்கெட், நடுத்தர டிவி, ஒரு ஸ்டட்தான் அகப்படுகிறது: ஸ்டட்டில் லாக் திருகு, மறுபக்கம் பட்டை டாகிள். முன்னே நீளும் கை வேண்டுமென்றால் இரண்டு மர ஸ்டட். அதற்குக் குறைவாக எதுவும் வேண்டாம். வாடகை வீட்டில் துளைபோட அனுமதி இல்லாதவர்கள் நல்ல ஸ்டாண்டாக வாங்கி, டிவி முன்னே சாயாதபடி அதோடு பட்டைபோட்டுக் கட்டிவையுங்கள்.