பகலில் வேலை, இரவில் ஆர்பிஜி

தனி ஆளாக வீடியோ கேம் செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது ரோல் பிளேயிங் கேமைத்தான். சுருக்கமாக ஆர்பிஜி என்பார்கள். ஆடுபவர் ஒரு கதாபாத்திரமாகவே மாறி, ஊர் ஊராகச் சுற்றி, மனிதர்களோடு பேசி, சண்டையிட்டு வலுப்பெற்று, தன் முடிவுகளால் கதையின் போக்கைத் திருப்பும் வகை அது. பள்ளிப் பருவத்தில் அப்படியோர் உலகத்தில் மாதக்கணக்கில் திளைத்தவர்களுக்கு, தாமும் ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற வேட்கை எழுவது இயல்பு. வேலையை விட முடியாது. வீட்டைக் கவனிக்காமலும் இருக்க முடியாது. ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை என்று கிடைத்த நேரத்தில் கட்டத் தொடங்குகிறார்கள்.

இதை விடாமுயற்சியின் அடையாளமாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. முடியாத கனவுக்காக இளமையை வீணடிக்கும் வேலை என்று தள்ளுகிறவர்களும் உண்டு. கொண்டாட்டமும் கண்டனமும் ஒரு கேள்வியைத் தவறவிடுகின்றன: கேமின் அளவைத் தீர்மானித்தது எது? ஆசை தீர்மானித்திருந்தால் இந்த வழக்கம் ஆளையும் குடும்பத்தையும் சேர்த்து வாட்டும். கையில் இருக்கும் நேரம் தீர்மானித்திருந்தால், பெரிய நிறுவனங்களால் தர முடியாத படைப்புகள் இதிலிருந்து கிடைக்கும்.

முதலில் குறையைச் சொல்லிவிடலாம். துண்டு துண்டான நேரத்துக்கு ஆர்பிஜியைப் போலப் பொருந்தாத வகை வேறில்லை. புதிர் கேமில் இருபதாவது கட்டம் சரியாக வரவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம். மற்ற பத்தொன்பதும் நிற்கும். ஆர்பிஜியில் ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும். ஒரு வாளின் பலத்தைக் கூட்டினால் அடுத்த சில ஊர்களின் சண்டைகள் சப்பென்று ஆகிவிடும். எதிரிகளை வலுவாக்கினால் அவர்களை வென்று கிடைக்கும் காசும் கூடும். காசு கூடினால் கடையில் விலையை மாற்ற வேண்டும்.

கதைப் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. தனி ஆட்கள் அதிகம் நாடும் ஜப்பானியக் கருவியான ஆர்பிஜி மேக்கரை எடுத்துக்கொள்வோம். நடந்த சம்பவங்களை அதில் 'ஸ்விட்ச்' என்ற குறிகளால் பதிவு செய்வார்கள். ஓர் ஊரில் கிழவியின் பேரன் காணாமல் போகிறான். அவனைத் தேடித் தர வேண்டும். எளிய குவெஸ்ட்தான். ஆனால் ஆடுபவர் கிழவியைப் பார்க்கும் முன்பே காட்டுக்குப் போய்ப் பையனை மீட்டுவிட்டால்? ஊர் திரும்பும்போது பேரன் பக்கத்தில் நிற்க, 'என் பேரனைக் கண்டுபிடித்துத் தா' என்று கிழவி அழுதுகொண்டிருப்பாள். அதைத் தவிர்க்க 'கிழவியைச் சந்தித்தாயிற்று', 'பையன் மீட்கப்பட்டான்' என இரண்டு ஸ்விட்ச் வேண்டும். அதற்குள் நான்கு நிலைகள். 'கடத்தியவர்களோடு சமரசம் ஆயிற்று' என்ற மூன்றாவதும் சேர்ந்தால் எட்டு. பத்து ஸ்விட்ச் ஒன்றோடொன்று கலந்தால் கணக்குப்படி 1,024 நிலைகள். எல்லாவற்றுக்கும் தனி வசனம் தேவைப்படாது. எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதைத் தலைக்குள் வைத்திருக்க வேண்டியவர் மட்டும் ஒரே ஒருவர்.

அந்த ஒருவர் அலுவலகத்தில் மாத இறுதி வேலையை முடித்து, குழந்தையின் காய்ச்சலைப் பார்த்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருகிறார். 47-ஆம் ஸ்விட்சுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார். அது எதற்கென்று கண்டுபிடிக்கவே அன்றைய நேரத்தில் பாதி போய்விடும். ஒரே மூச்சாகக் கிடைக்கும் இருபது மணி நேரமும் பத்து இரவுகளில் சிதறிக் கிடைக்கும் இருபது மணி நேரமும் சமம் அல்ல. வாரத்துக்கு இத்தனை மணி, ஆண்டுக்கு இத்தனை மணி என்று பெருக்கிப் போடும் திட்டங்கள் தவறுவது இங்கேதான்.

முழு நேரத்தைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எரிக் பரோனின் கதை. 2011-இல் கணினி அறிவியல் படித்து முடித்தவர், வேலை தேடுவதற்கு முன் நிரலாக்கத் திறமையை வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விவசாய ஆர்பிஜியைத் தொடங்கினார். நிரல், படம், இசை, வசனம் எல்லாம் அவரே. சுமார் நான்கரை ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 26 அன்று 'ஸ்டார்டியூ வேலி' வெளிவந்தது. 2024 இறுதிக்குள் நான்கு கோடிக்கும் மேல் விற்றது.

இந்தக் கதையில் விற்பனை எண்ணிக்கை மட்டும் நினைவில் நிற்கிறது. அந்த ஆண்டுகளில் வீட்டுச் செலவைப் பெருமளவு தாங்கியவர் அவருடைய காதலி என்பதும், பரோன் சியாட்டிலின் பாரமவுண்ட் அரங்கில் இருக்கை காட்டும் பகுதி நேர வேலை பார்த்தார் என்பதும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வாரத்தின் ஏழு நாளும் ஏறக்குறைய பத்து மணி நேரம் வேலை செய்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கை தேறத் தேற, முன்பு வரைந்தவை பிடிக்காமல் போய் அதே முகங்களை மறுபடி மறுபடி வரைந்தார். கேம் தோற்றிருந்தால் அந்த நான்கரை ஆண்டுகளின் விலையை இரண்டு பேர் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்த்ததை மற்றவர்களுக்கு வழிகாட்டியாக வைப்பது நியாயமல்ல.

நிலையான வேலை இருக்கும்போது இந்தப் படைப்புக்குக் கிடைக்கும் பெரிய பலம் சுதந்திரம். மாதச் சம்பளம் வருவதால், விற்குமா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எது சரி என்ற கேள்வியைக் கேட்க முடிகிறது. 'தி ஏஜ் ஆஃப் டெகடன்ஸ்' என்ற ஆர்பிஜி இதற்கு நல்ல சான்று. 2004-இல் அதைத் தொடங்கிய சிறு குழுவினர் ஆரம்ப ஆண்டுகளில் வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டேதான் உழைத்தார்கள். வீழ்ந்துபோன ரோமானியப் பேரரசின் சாயல் கொண்ட உலகம் அது. அங்கே வணிகராக ஆடுபவர் வாளையே எடுக்காமல் பேச்சுத் திறமையால் மட்டும் கதையை முடித்துவிடலாம். ஒரு கட்சியோடு சேர்ந்தால் மறு கட்சியின் கதை முழுவதும் மூடிக்கொள்ளும். ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவையில் பார்க்கவே முடியாத காட்சிகளுக்குப் பணம் ஒதுக்க எந்த மேலாளரும் எளிதில் சம்மதிக்க மாட்டார். நிதானமாக யோசிக்க நேரம் இருந்ததால்தான் அந்தக் கிளைகள் அவ்வளவு அடர்த்தியாக வளர்ந்தன.

அதே கேம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. அது முழுமையாக வெளிவந்தது 2015 அக்டோபரில், பதினோரு ஆண்டுகள் கழித்து. தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த டோர்க் (Torque) என்ற கேம் உருவாக்கும் எஞ்சின் அதற்குள் பழசாகிவிட்டது. காட்சிகள் வந்த அன்றே காலாவதியானவை போலத் தெரிந்தன. நீண்ட காலம் எழுத்துக்கு உரம் சேர்க்கும். தொழில்நுட்பத்துக்கு வயதைக் கூட்டும். கருவி பழசாவது மட்டுமல்ல, அதன் விதிகளே மாறுவதும் உண்டு. 2023 செப்டம்பரில், கேம் எஞ்சின் தரும் யூனிட்டி நிறுவனம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படுவதற்கும் கட்டணம் என்று அறிவித்தபோது, அந்த எஞ்சினை நம்பிப் பல ஆண்டு உழைத்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஓராண்டுக்குப் பின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஓராண்டில் முடியும் கேமுக்கு இத்தகைய ஆபத்து குறைவு. பத்தாண்டு இழுக்கும் கேமுக்கு ஏறக்குறைய நிச்சயம்.

இரண்டாவது பலம், வாழ்க்கையே தீனி போடுவது. ஆர்பிஜி மனிதர்களைப் பற்றிய வடிவம். கடன் வாங்கிவிட்டு முகம் கொடுக்காத நண்பர், சின்ன அதிகாரத்தைப் பெரிதாகக் காட்டும் கண்காணிப்பாளர், நோயாளியின் படுக்கை அருகே உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் உறவினர் ஆகியோரைத் தினமும் பார்ப்பவரின் வசனத்தில் உயிர் இருக்கும். பிற கேம்களை மட்டுமே ஆடிக்கொண்டு அறைக்குள் இருப்பவரின் ஊர்களில் கொல்லனும் சத்திரக்காரரும் ஒரே குரலில் பேசுவார்கள்.

ஆனால் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதற்குத் திருப்பிக் கொடுக்கிறோமா? இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை இங்கே இருக்கிறது, அதிகம் மறைக்கப்படுவதும் இதுதான். இரவு இரண்டு மணி நேரம் வானத்திலிருந்து வருவதில்லை. தூக்கத்திலிருந்து வருகிறது, அல்லது பாத்திரம் துலக்கி, பிள்ளையைத் தூங்கவைத்து, மாமனார் மாமியாரின் மருந்தைப் பார்த்துக் கொடுக்கும் இன்னொருவரின் உழைப்பிலிருந்து வருகிறது. படைத்தவர் பெயர் திரையில் ஓடும். நேரத்தைக் கொடுத்தவர் பெயர் நன்றிப் பட்டியலில் ஒரு வரி. உடலும் கணக்குக் கேட்கும். பகல் முழுக்க விசைப்பலகையில் இருந்த கை இரவிலும் அதிலேயே இருக்கிறது. 'அண்டர்டேல்' கேமைப் படைத்த டோபி ஃபாக்ஸே அடுத்த படைப்பான 'டெல்டாரூன்' வேலையைத் தன் மணிக்கட்டுப் பிரச்சினை பாதித்ததை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

பணத்திலும் மயக்கம் கூடாது. 2017 முதல் 100 டாலர் கட்டினால் யாரும் ஸ்டீம் தளத்தில் கேமை விற்கலாம். வருமானத்தில் வழக்கமாக 30 சதவீதம் தளத்துக்குப் போகும். 2024-இல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. கதவு திறந்திருப்பதால் கூட்டமும் அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊழியர் தம் சொந்த நேரத்தில் உருவாக்கும் மென்பொருளுக்கும் உரிமை கோரும் விதி பல மென்பொருள் நிறுவனங்களின் பணி ஒப்பந்தத்தில் இருப்பதுண்டு. முதல் மேப் வரைவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுதாகப் படிப்பது நல்லது.

அப்படியானால் எது நல்ல மாதிரி? எனக்கு இரண்டு பேர் தெரிகிறார்கள். முதலாமவர் டோபி ஃபாக்ஸ். 2013-இல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அவர் கேட்டது 5,000 டாலர், கிடைத்தது 51,124. அவ்வளவு பணம் வந்ததும் பலர் கேமை ஊதிப் பெருக்கியிருப்பார்கள். 2015 செப்டம்பரில் வந்த 'அண்டர்டேல்' ஒரு சில மணி நேரத்தில் முடியும் கேம். படங்கள் மிக எளியவை. ஆனால் எதிரியைக் கொல்வதா விடுவதா என்ற ஒரே கேள்வியைக் கதை முழுக்க விடாமல் பின்தொடர்ந்தது. நூறு ஊர் இருந்திருந்தால் அந்த ஆழம் வந்திருக்காது. பணம் கேட்பதற்கு முன்பே ஆடிப் பார்க்கக்கூடிய மாதிரிப் பகுதியை அவர் வெளியிட்டிருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் எதுவும் இல்லாமல் முன்பணம் வாங்கினால் பொழுதுபோக்கு கடனாக மாறிவிடும்.

இரண்டாமவர் சியாட்டிலைச் சேர்ந்த ஜெஃப் வோகல். கணிதத்தில் உயர்கல்வி மாணவராக இருந்தபோது 1994-இல் 'எக்ஸைல்' கேமை எழுதத் தொடங்கினார். அது 1995-இல் வெளிவந்து வருமானம் தந்த பிறகே அதை முழு நேரத் தொழிலாக்கினார். அவருடைய ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் முப்பது ஆண்டு தாண்டியும் நடக்கிறது. வழி மிக எளியது: ஒரு எஞ்சினைப் பல கேம்களுக்குப் பயன்படுத்துவார், பழைய படங்களைத் திரும்ப எடுத்தாள்வார், 'எக்ஸைல்' கதையையே 'அவெர்னம்' என்ற பெயரில் 2000-இலும், பிறகு இன்னொரு முறையும் புதுப்பித்தார். படங்கள் பழசு, புதுமை குறைவு என்ற விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பிரமிக்க வைக்கும் ஒரு கேமைத் தேடுபவருக்கு அவர் ஏமாற்றமே தருவார். ஆனால் தம்மால் எவ்வளவு முடியும் என்று தெரிந்து, அந்த எல்லைக்குள் எழுத்தையும் சண்டை அமைப்பையும் செம்மைப்படுத்தியதால் ஒன்றன்பின் ஒன்றாகப் படைப்புகளை முடித்துக் கொடுக்க முடிந்தது. முடிப்பதும் ஒரு திறமை, அதையும் பழகித்தான் பெற வேண்டும்.

இந்த இருவரிடமிருந்து வேலைக்குப் போகிறவர் எடுத்துக்கொள்ளக் கூடியவை உண்டு. முதல் கேம் இரண்டு மணி நேரத்தில் ஆடி முடிக்கும் அளவில் இருக்கட்டும்: ஓர் ஊர், ஒரு காடு, ஒரு முடிவெடுக்க வேண்டிய தருணம். அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஆடும்படி செய்துவிட்டு அப்புறம் அழகுபடுத்தலாம். ஒவ்வொரு இரவும் எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்று எழுதி வைத்தால் 47-ஆம் ஸ்விட்ச் பயமுறுத்தாது. எந்த இரவுகள் கேமுக்கு, எந்த இரவுகள் வீட்டுக்கு என்பதை வீட்டாரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கேம் எந்த மாதத்தில் முடியும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாதம் வந்தால், நாளைத் தள்ளுவதைவிட ஊர்களைக் குறைப்பதே மேல்.

வேலையோடு சேர்த்து ஆர்பிஜி படைப்பது தகுந்த வழக்கமே என்பதுதான் என் தீர்ப்பு. பெரிய முதலீட்டின் அச்சம் இல்லாத எழுத்து அதிலிருந்து வருகிறது. இந்தக் கலைவடிவத்துக்கு அது தேவை. ஆனால் வேலையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே கனவில் வைப்பதை வீரம் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும். உங்கள் மனதில் ஐம்பது ஊர் கொண்ட ஓர் உலகம் இருந்தால், அதில் ஓர் ஊரை மட்டும் இந்த ஆண்டு கட்டுங்கள். முடித்து நாலு பேரிடம் ஆடக் கொடுங்கள். இரண்டாவது ஊர் தேவையா என்பதை அவர்கள் ஆடும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.