நாயாற்று மணலும் கிளிசரோல் ஆய்வும்: ஒரு விமர்சன நோக்கு

முல்லைத்தீவு மாவட்டத்து நாயாறு, கொக்கிளாய் தொடக்கம் புல்மோட்டை வரையுள்ள கரையோரத்தில் இல்மனைற்று, உரூற்றைல் என்பவற்றோடு சேர்க்கோனும் கலந்த கனிய மணல் காணப்படுகின்றது. சேர்க்கோனிலிருந்து பெறப்படும் சேர்க்கோனியம் ஒட்சைட்டு, கிளிசரோலை எரிபொருட் சேர்மானமாக மாற்றும் திண்ம அமில ஊக்கிகளுக்கு அடிப்படையாகும். எனவே இம்மணலை எரிபொருள் வளமெனவும் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண, அவ்வூக்கிகள் பற்றிய ஆய்வுகளை முதலில் மதிப்பிடல் வேண்டும்.

தாவர எண்ணெயிலிருந்து 100 கிலோகிராம் உயிரி டீசல் பெறும்போது ஏறத்தாழ 10 கிலோகிராம் கிளிசரோல் எஞ்சுகின்றது. பாகுத்தன்மை மிக்க இது டீசலுடன் கலவாது. அசற்றிக்கமிலத்துடன் தாக்கமுறும்போது ஓரசற்றின், ஈரசற்றின், மூவசற்றின் எனும் எசுத்தர்கள் படிப்படியாக உருவாகின்றன; பின்னிரண்டுமே எரிபொருளுக்கு உகந்தவை. சல்பூரிக்கமிலமும் இத்தாக்கத்தை ஊக்கும். ஆயின் அது கலத்தை அரிக்கும், பிரித்தெடுத்தற்கும் அரிது. திண்ம அமிலத்தையோ வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஐதராபாத்து இந்திய இரசாயனத் தொழினுட்ப நிறுவகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வு சேர்க்கோனியம் ஒட்சைட்டு ஊக்கிகளையே கையாண்டது.

இத்துறைக் கட்டுரைகள் பல, கிளிசரோல் எத்தனை வீதம் மாறிற்று என்பதையே முன்னிறுத்துகின்றன. மாறியது பெரும்பாலும் ஓரசற்றினாக நின்றுவிடின் பயன் சிறிதே. ஒவ்வொரு படியிலும் வெளிப்படும் நீர், தாக்கத்தைப் பின்னோக்கித் தள்ளுவதோடு, சல்பேற்றேற்றிய ஊக்கியிலிருந்து சல்பேற்றைக் கரைத்துச் செல்லவும் வல்லது. கரைந்த அமிலத்தின் செயலைத் திண்மத்தின் திறனெனக் கொள்ளல் தவறாகும். மேலும், ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் தூய கிளிசரோலே எடுக்கப்படுகின்றது. ஆலையிலிருந்து வருவதிலோ நீரும் மெதனோலும் சோடிய உப்புக்களும் உண்டு. சோடியம் ஊக்கியின் அமில மையங்களைச் செயலிழக்கச் செய்யும்.

மணலைப் பற்றிய எண்ணத்திலும் இத்தகைய குறையே உண்டு. 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனம் புல்மோட்டை மணலைப் பிரித்து, பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்து வந்துள்ளது. சேர்க்கோன் ஒரு சிலிக்கேற்று; காரத்துடன் உருக்கிச் சிலிக்காவை நீக்கிய பின்னரே ஒட்சைட்டு கிட்டும். அதற்கு வேண்டிய காரம், வெப்பம், அதனால் விளையும் கழிவு ஆகியவற்றைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மணல் அகழப்படும் கரை மீனவர் தொழில் செய்யும் கரையுமாதலின், அதற்கு நேரும் இழப்பும் அக்கணக்கில் அடங்கும்.

ஊக்கி எத்தனை முறை மீளப் பயன்பட்டது, ஆலைக் கிளிசரோலில் எவ்வாறு செயற்பட்டது, மணலிலிருந்து ஊக்கிவரை செலவு யாது என்பவற்றுக்கு விடை கூறாத ஆய்வு, நாயாற்று மணலை வளமெனக் கூறத் தகுதியுடையதன்று.