கேட்கும் செவி: அண்மையில் கண்ட படங்களும் கற்ற புதினங்களும்

திருச்சபையின் ஊழியர்கள் திரைப்படம் பார்க்கலாமா, புதினம் படிக்கலாமா என்னும் வினா நம்மிடையே இன்னும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அதை வெளிப்படையாக எழுப்புவோர் குறைந்துவிட்டனர். ஆயினும், அவற்றில் செலவிடும் நேரம் செபத்திலிருந்தும் சபைச் சந்திப்பிலிருந்தும் களவாடப்பட்ட நேரமே என்னும் உறுத்தல் பலரிடம் இருக்கிறது. அவ்வுறுத்தலைத் தணித்துக்கொள்ள நாம் ஒரு வழியையும் வகுத்திருக்கிறோம். பார்த்த படத்திலிருந்தோ படித்த கதையிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டை உருவி அடுத்த ஞாயிறு அருளுரையில் சேர்த்துவிட்டால், செலவிட்ட நேரம் ஊழியக் கணக்கில் வரவாகிவிடுகிறது!

கதைக்கு இது நியாயம் செய்வதாகாது. தாவீதிடம் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டியின் கதை (2 சாமுவேல் 12) அரசனின் அடுத்த உரைக்குப் பயன்படும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டதன்று. பிறர்மேல் தீர்ப்புச் சொல்ல எழுந்தவனைத் தன்மேலேயே தீர்ப்புச் சொல்ல வைத்தது அக்கதை. பனியன் 1678இல் வெளியிட்ட கற்பனைப் பயணக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அன்று தொட்டுத் தமிழ்த் திருச்சபை ஒரு கற்பனைக் கதையால் தன் ஆன்மாவை வளர்த்து வந்திருக்கிறது. எனவே கதை வேண்டுமா என்பதன்று நம் முன்னுள்ள வினா. அதன் முன் நாம் எப்படி அமர்கிறோம் என்பதே.

அண்மைக் காலத்தில் நான் பார்த்தவற்றுள்ளும் படித்தவற்றுள்ளும் நான்கைப் பற்றி இங்குச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன். திட்டமிட்டுத் தெரிந்தெடுத்தவை அல்ல. எனினும் நான்கிலும் நடுவில் நிற்பவர் ஒரு போதகர் அல்லது குரு. நான்கையும் அருகருகே வைத்தபோது ஒரே வினா அவற்றினின்று எழுந்தது: ஊழியனைத் தேடி வந்தவன் கேட்கப்பட்டானா, கேட்கப்படாமலேயே திரும்பினானா?

1. பெர்க்மனின் ‘விண்டர் லைட்’

சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன் ஒரு லூத்தரன் போதகரின் மகன். 1963இல் வெளிவந்த இப்படத்தின் சுவீடியப் பெயருக்குத் ‘திருவிருந்தில் பங்குபெறுவோர்’ என்பது பொருள். கதை முழுவதும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், நண்பகல் ஆராதனைக்கும் அன்று பிற்பகல் இன்னோர் ஆலயத்தில் நடக்கும் ஆராதனைக்கும் இடையில் நிகழ்கிறது. தோமஸ் எரிக்சன் என்னும் போதகர் மனைவியை இழந்தவர், விசுவாசம் வற்றிப்போனவர், அன்று காய்ச்சலாலும் வருந்துகிறார்.

யோனாஸ் என்னும் மீனவர் மனைவியுடன் அவரிடம் வருகிறார். சீனா அணுகுண்டு செய்யப்போகிறது என்று செய்தித்தாளில் படித்தது முதல் அவர் வாய் அடைத்துப்போயிருக்கிறது. மறுமுறை தனியாக வரும் அவரிடம் போதகர் என்ன செய்கிறார்? பேசுகிறார். தம் இளமையைப் பற்றி, தம் ஐயங்களைப் பற்றி, தாம் கற்பனை செய்துகொண்ட கடவுளைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறார். வந்தவர் எழுந்து போகிறார். ஆற்றங்கரையில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறக்கிறார்.

இப்படத்தைக் கடவுளின் மௌனத்தைப் பற்றிய படம் என்று திறனாய்வாளர் பலர் கூறுவர். அது சரியே, ஆனால் பாதி மட்டுமே சரி. போதகரின் ஓயாத பேச்சைப் பற்றிய படம் இது என்பதே என் கருத்து. அவரை நேசிக்கும் ஆசிரியை மெர்த்தா எழுதிய மடல் வரும் பகுதி இதற்குச் சான்று. போதகர் மடலைப் பிரித்ததும், அப்பெண்ணின் முகம் திரை முழுவதையும் நிறைத்து, நம்மை நேராக நோக்கி, பல நிமிடங்கள் அம்மடலைச் சொல்கிறது. போதகர் கேட்க மறுத்ததை நாம் கேட்கும்படி இயக்குநர் நம்மை இருத்திவிடுகிறார்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. உடல் ஊனமுற்ற ஆலயப் பணியாளர் அல்கோத் நண்பகலிலேயே ஒரு கேள்வியுடன் வருகிறார். பிறகு பார்க்கலாம் என்று போதகர் தள்ளிவைக்கிறார். மாலையில் அவர் அக்கேள்வியைக் கேட்கிறார். இயேசுவின் உடல் வேதனை சில மணி நேரமே நீடித்தது. சீடர் கைவிட்டதும் பிதாவும் கைவிட்டதாகத் தோன்றியதும் அன்றோ பெரிய வேதனை என்கிறார். படத்தில் ஒலிக்கும் ஆழ்ந்த இறையியல் இதுவே. அது பட்டம் பெற்றவரின் வாயிலிருந்து வரவில்லை. காக்க வைக்கப்பட்டவரின் வாயிலிருந்து வருகிறது.

2. ஷ்ரேடரின் ‘ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்டு’

அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடரின் இப்படம் 2017இல் வெளிவந்தது. பெர்க்மனின் படத்தை அறிந்தவர்கள் அதன் எலும்புக்கூட்டை இதில் உடனே அடையாளம் காண்பர். நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் 250 ஆண்டுப் பழமையுள்ள ஆலயத்தின் போதகர் டோலர். முன்பு படைப்பிரிவின் போதகராக இருந்தவர். அவர் தூண்டுதலால் படையில் சேர்ந்த மகன் ஈராக்கில் இறந்தான். இங்கு அணுகுண்டின் இடத்தில் சூடேறிவரும் பூமி நிற்கிறது. மைக்கேல் என்னும் இளைஞன், அழியப்போகும் உலகில் தன் மனைவியின் வயிற்றிலுள்ள குழந்தை பிறக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறான்.

டோலர் தோமஸைப் போன்றவர் அல்லர். அவர் கேட்கிறார், பொறுமையாகவும் கூர்மையாகவும் விடையளிக்கிறார். ஆயினும் அவ்விளைஞனும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். குறை எங்கே? விடை டோலரின் நாட்குறிப்பில் இருக்கிறது. அவ்வுரையாடல் தமக்கு யாக்கோபின் போராட்டம் போன்ற கிளர்ச்சியைத் தந்ததாக அவர் எழுதுகிறார். வந்தவனின் துயரம் அவருக்கு ஒரு சொற்போர்க் களமாகிவிட்டது. இறையியல் கற்ற நமக்கு இதைவிட நுட்பமான சோதனை வேறில்லை. நல்ல கேள்வியுடன் வருபவனைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சி. அக்கேள்வியைச் சுமக்கும் மனிதனோ அதற்குள் மறைந்துவிடுகிறான்.

படத்தின் பிற்பகுதியை என்னால் முழு மனத்துடன் பாராட்ட இயலவில்லை. சுற்றுச்சூழலைக் கெடுக்கும் தொழிலதிபரின் நன்கொடையால் ஆலய விழா நடப்பதைக் காட்டும் காட்சிகள் வலிமையானவை. எவர் பணத்தில் நம் விழாக்கள் நடக்கின்றன என்று நம்மையும் கேட்பவை. ஆனால் டோலர் தம் உடலில் வெடிகுண்டைக் கட்டிக்கொள்ளத் துணியும்போது, அவருடைய விரக்திக்கு இயக்குநர் ஒரு தியாகியின் ஒளிவட்டத்தை அளித்துவிடுகிறாரோ என்னும் ஐயம் எழுகிறது. பெர்க்மன் தம் போதகருக்கு அத்தகைய பெருமை எதையும் அளிக்கவில்லை. ஏறக்குறைய காலியான ஆலயத்தில் அவரை ஆராதனை தொடங்க வைக்கிறார், அவ்வளவே. அந்த வறுமையே எனக்கு மெய்யாகப் படுகிறது.

3. ராபின்சனின் ‘கீலேயாத்’

மேரிலின் ராபின்சன் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளரின் இப்புதினம் 2004இல் வெளிவந்து, 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆண்டு 1956. அயோவா மாநிலத்தின் கீலேயாத் என்னும் கற்பனை ஊரில், 76 வயதான சபைப் போதகர் ஜான் ஏம்ஸ் இதய நோயால் தம் முடிவை எதிர்நோக்கியிருக்கிறார். ஏழு வயது நிரம்பாத தம் மகன் வளர்ந்தபின் படிப்பதற்காக அவர் எழுதும் நீண்ட மடலே புதினம். தாம் எழுதிய அருளுரைகள் 2,250 இருக்கும் என அவர் கணக்கிடுகிறார். அவை பெட்டிகளில் மேல்மாடத்தில் கிடக்கின்றன. 1918இல், காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவிய காலத்தில், போருக்கு எதிராக எழுதிய ஓர் அருளுரையை மட்டும் பிரசங்கிக்காமலே எரித்துவிட்டார். போதகர் எவரும் அப்பக்கத்தை எளிதில் கடந்துவிட முடியாது.

நீர், ஒளி, ஞானஸ்நானம், அப்பம் ஆகியவற்றைப் பற்றி இத்துணை அன்புடன் எழுதிய புதினம் வேறொன்றை நான் படித்ததில்லை. அதனாலேயே பலர் இதைத் தியான நூலாகக் கருதுகின்றனர். ஆனால் அப்படிப் படிப்போர் நூலின் மையத்தைத் தவறவிடக் கூடும். நண்பர் பௌட்டனின் மகன் ஜாக், ஊருக்குத் தலைக்குனிவு தேடித்தந்தவன், திரும்பி வருகிறான். சிலர் மாறவே இயலாதபடி முன்குறிக்கப்பட்டவர்களா என்று ஏம்ஸிடம் கேட்கிறான். கேலிக்காகக் கேட்கிறான் என எண்ணி ஏம்ஸ் நழுவுகிறார். மனிதன் மாறக்கூடும் என்று விடை சொல்பவர் அதிகம் படித்திராத அவர் மனைவி லைலா. ஜாக்கின் கேள்விக்குப் பின்னால் வேறொரு சுமை இருந்தது. அவன் மனைவியாக ஏற்ற டெல்லா கறுப்பினப் பெண். அவர்களுக்கு ஒரு மகன் உண்டு. மிசூரியின் சட்டம் அவர்கள் திருமணத்தை ஏற்காது. கீலேயாத்திலாவது குடும்பமாக வாழ இடம் கிடைக்குமா என்று அறியவே அவன் வந்தான்.

முன்பு அவ்வூரில் கறுப்பினத்தாரின் ஆலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அச்சபையார் ஊரைவிட்டே போய்விட்டனர். ஏம்ஸ் அதைச் சிறு தீ என்று கூறிக் கடந்துவிடுகிறார். அச்சபையின் போதகர் விடைபெற வந்தபோது, தங்கள் ஆலய முற்றத்து லில்லிச் செடிகளைத் தோண்டி எடுத்துவந்து கொடுத்துச் சென்றதாகவும் நினைவுகூர்கிறார். லில்லிகள் நினைவில் இருக்கின்றன. அநீதி நினைவில் பதியவில்லை. தாம் படைத்தவருள் மிகவும் அன்புக்குரியவரின்மேலேயே ஆசிரியை இக்குற்றச்சாட்டை, குரலை உயர்த்தாமல், வைக்கிறார். புதினத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. சாதியின் பெயரால் இடுகாடும் இருக்கையும் பிரிக்கப்பட்ட வரலாறுடைய நம் திருச்சபைக்கு இப்பக்கங்கள் அயல்நாட்டுச் செய்தி அல்ல. பக்தியும் பரிவும் மிக்க போதகர்கள் அன்றும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களும் பலவற்றைச் சிறு தீ என்றே எண்ணியிருக்க வேண்டும்.

இறுதியில், ஊரைவிட்டுப் போகும் ஜாக்கின் நெற்றியில் கை வைத்து ஏம்ஸ் ஆசீர்வதிக்கிறார். இந்த ஒரு கணத்துக்காகவே தம் இறையியல் கல்வியும் அபிஷேகமும் போதுமானவை என உணர்கிறார். அழகிய முடிவு, கண் கலங்காமல் படிக்க இயலாது. ஆயினும் ஆசி பெற்றவன் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறான் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆசி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

4. எண்டோவின் ‘மௌனம்’

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷூசாகு எண்டோ 1966இல் எழுதிய இப்புதினத்தை, 50 ஆண்டுகளுக்குப் பின் 2016இல் மார்ட்டின் ஸ்கோர்செசி படமாக்கினார். 17ஆம் நூற்றாண்டின் உபத்திரவக் காலத்தில் ஜப்பானுக்கு வரும் போர்த்துகீசியக் குரு ரோட்ரிக்ஸ், பிறருடைய உயிரைக் காக்க, கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கிறார். அது மறுதலிப்பா, அன்பா என்று வாதிடுவோர் பலர். என் கவனத்தை ஈர்த்தவனோ கிச்சிஜிரோ. மீண்டும் மீண்டும் மறுதலிக்கிறான், காட்டிக்கொடுக்கிறான், மீண்டும் மீண்டும் பாவஅறிக்கைக்கு வருகிறான். குருவுக்கு அவனைக் கண்டாலே அருவருப்பு. தாமும் விழுந்த பின்னரே, குரு என்னும் பெயரை இழந்த நிலையில், அவர் அவனுடைய அறிக்கையைக் கேட்கிறார். எழுபது தரம் ஏழு முறை மன்னிப்பதைப் பற்றிய அருளுரைகள் எளியவை. எட்டாம் முறை கதவைத் தட்டுபவனின் முகம் எளிதன்று.

படம் புதினத்துக்குப் பெரிதும் உண்மையாக இருக்கிறது. ஆனால் இறுதியில், இறந்த ரோட்ரிக்ஸின் கைகளுக்குள் ஒரு சிறு சிலுவையைக் காட்டி முடிகிறது. புதினத்தில் அச்சிலுவை இல்லை. அதிகாரிகளின் வறண்ட குறிப்புகளோடு அது நின்றுவிடுகிறது. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை இறைவன் ஒருவரே அறிவார். படத்தின் முடிவு பக்தர்க்கு ஆறுதல் அளிக்கும். புதினத்தின் முடிவோ விசுவாசத்தைக் கோருகிறது. எனக்குப் புதினத்தின் முடிவே ஏற்புடையது.

நான்கையும் தொகுத்து நோக்கினால், யோனாஸ், மைக்கேல், ஜாக், கிச்சிஜிரோ ஆகிய நால்வரும் சபையின் வாசலில் நிற்கும் ஒரே மனிதனின் நான்கு முகங்கள் எனலாம். அவனுக்கு முன் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒருவர் வாதத்தில் மகிழ்ந்தார், ஒருவர் சந்தேகித்தார், ஒருவர் அருவருத்தார். நம் இறையியல் கல்வியில் அருளுரை ஆற்றப் பயிற்சி உண்டு. கேட்கப் பயிற்சி மிகக் குறைவு. புதினம் படிப்பது அப்பயிற்சியின் தொடக்கமாகலாம். முந்நூறு பக்கம் நாம் வாய் திறவாமல் இன்னொருவனுக்குச் செவி கொடுக்கும் வேலை அது. ஆதலால் இறையியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு புதினத்தையாவது, அருளுரைக்கென ஒரு வரியையும் குறித்துக்கொள்ளாமல் படியுங்கள். இக்கதை கற்பிக்கும் பாடம் யாது என்று கேட்பதற்கு முன், இதில் கேட்கப்படாமல் போனவன் யார் என்று கேளுங்கள். பின்னர் உங்கள் சபையின் பெயர்ப் பதிவேட்டை எடுத்து அதே கேள்வியைக் கேளுங்கள்.