ஸ்னைடர் ரசிகர் இயக்கம்: மீட்டதும் மீறியதும்

அமெரிக்க இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் ரசிகர்கள், பெரிய ஸ்டுடியோ ஒன்று கைகழுவிய படத்தை அதே ஸ்டுடியோவின் பணத்தில் முடிக்கவைத்தவர்கள். 2017 முதல் 2021 வரை ‘ஸ்னைடர் கட்டை வெளியிடு’ என்ற முழக்கத்தோடு அவர்கள் நடத்திய இயக்கம், ஹாலிவுட்டில் ரசிகர் பலத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு. ரசிகர்களின் அத்துமீறலுக்கும் அதுவே எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. சிதைக்கப்பட்ட ஒரு படைப்பைக் கேட்டவரை அந்த இயக்கம் நியாயத்தின் பக்கம் நின்றது. ஓர் இயக்குநருக்குக் கதாபாத்திரங்களின் மீது நிரந்தர உரிமை கேட்கத் தொடங்கியதும் அந்த நியாயம் தேய்ந்துபோனது.

ஸ்னைடர் 1966இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் பிறந்தவர். விளம்பரப் படங்களில் கை பழகி, 2004இல் ‘டான் ஆஃப் த டெட்’ மூலம் திரைக்கு வந்தார். பிராங்க் மில்லரின் காமிக்ஸை ஒட்டி எடுத்த ‘300’, 2007இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, சுமார் 6.5 கோடி டாலர் செலவுக்கு 45 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அவருடைய பாணி அதில் முழுமையாக உருவாகிவிட்டது: காமிக்ஸ் கட்டத்தைப் போல அமைத்த சட்டகம், மங்கவைத்த நிறங்கள், வாள் வீச்சின் நடுவில் தடாலென்று மெதுவாகி மறுபடி வேகமெடுக்கும் ஸ்லோ மோஷன், சிலைபோல் நிற்கும் மனித உடல். அவரைப் பற்றிய சண்டையும் அந்தப் படத்திலேயே தொடங்கியது. பாரசீகர்களை அரக்கர்களாகக் காட்டியதற்கு ஈரானிலிருந்து எதிர்ப்பு வந்தது. ‘வாட்ச்மென்’ (2009) வந்தபோது குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் உருவாக்கிய மூலநூல் சூப்பர் ஹீரோ வன்முறையைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. ஸ்னைடரின் கேமராவோ அதே வன்முறையை ரசித்துப் படம்பிடிக்கிறது என்றார்கள். இது எளிதில் ஒதுக்கக்கூடிய குற்றச்சாட்டு அல்ல. அவருடைய பிற்காலப் படங்கள் அனைத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ரசிகர் கூட்டம் ஓர் அணியாகத் திரண்டது ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013), ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ (2016) ஆகிய இரண்டு படங்களைச் சுற்றித்தான். முதல் படத்தின் முடிவில் சூப்பர்மேன் எதிரி ஜாடின் கழுத்தை முறிக்கிறான். அதற்குள் மெட்ரோபோலிஸ் நகரம் தரைமட்டமாகிவிடுகிறது. காமிக்ஸ் வாசகர்கள் பலரால் இதை ஏற்க முடியவில்லை. இரண்டாவது படம் முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 16 கோடி டாலரைத் தாண்டிவிட்டு, அடுத்த வார இறுதியில் 69 சதவீதம் சரிந்தது. விமர்சகர்களில் பெரும்பான்மையினர் அதை நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்பே ரசிகர்களை இறுக்கமான அணியாக்கியது.

இந்த அணியின் நல்ல பக்கம், படங்களைக் கவனமாகப் படிக்கும் அதன் பழக்கம். ‘மார்த்தா’ காட்சியை எடுத்துக்கொள்ளலாம். சூப்பர்மேனைக் கொல்ல ஈட்டியை ஓங்கிய பேட்மேன், இருவருடைய தாயின் பெயரும் ஒன்று என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறான். வெளியான நாள் முதல் இது கேலிப்பொருள். ரசிகர்களோ படத்தின் தொடக்கத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே சாகும் பேட்மேனின் தந்தையின் வாயில் கடைசியாக வருவது அந்தப் பெயர்தான். வேற்றுக்கிரகத்து அபாயம் என்று தான் நினைத்த ஒருவன் ஒரு தாயின் மகன் என்பது பேட்மேனுக்கு அந்தக் கணத்தில் உறைக்கிறது. தன் பெற்றோரைக் கொன்றவனின் இடத்தில் தான் இப்போது நிற்பதும் தெரிகிறது. இந்த வாசிப்புக்குப் படத்துக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. இடிந்து விழும் கட்டடத்தின் புழுதிக்குள் பேட்மேனான புரூஸ் வேய்ன் ஓடும் காட்சியை 2001 செப்டம்பர் தாக்குதலின் நினைவோடு இணைத்துப் பார்த்ததும், முதல் படத்தின் நகர அழிவுக்கு இரண்டாவது படமே கணக்குக் கேட்கிறது என்று காட்டியதும் இதே தரத்திலான கவனிப்புகள். அவசரமாக எழுதப்பட்ட பல விமர்சனங்களைவிட இவை மேலானவை.

ஆனால் அதே கவனம் இயக்குநருக்குச் சாதகமான திசையில் மட்டுமே ஓடுகிறது என்பது பெரிய குறை. பேட்மேன் ஆட்களைக் கொல்வது ஏன் என்ற கேள்விக்கு, இருபது ஆண்டுப் போராட்டம் அவனைக் கொடூரனாக்கிவிட்டது, ‘மார்த்தா’ கணம் அவனைத் திருத்துகிறது என்பது ரசிகர்களின் வழக்கமான பதில். பதில் அழகானதுதான். ஆனால் மனம் மாறியதாகச் சொல்லப்படும் பேட்மேன் அடுத்ததாகச் செல்லும் கிடங்குச் சண்டையிலும் ஆட்கள் சாகிறார்கள். அந்தச் சண்டையைப் படம் எந்தக் கலக்கமும் இல்லாமல் கொண்டாட்டமாகவே காட்டுகிறது. மனமாற்றத்தைச் சொல்லும் கதையும் வன்முறையை ரசிக்கும் கேமராவும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. இதைச் சுட்டுபவருக்கு, படம் புரியவில்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது. படத்தை விரும்பாததும் படம் புரியாததும் ஒன்று என்ற நினைப்பு இந்த அணியில் ஆழமாக வேரூன்றியிருந்தது.

ரசிகர்களின் அடுத்த நம்பிக்கை, வெட்டப்படாத படமே உண்மையான படம் என்பது. இதற்குக் காரணம் இருந்தது. திரையரங்கில் 151 நிமிடம் ஓடிய ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’, சில மாதங்களில் 182 நிமிடப் பதிப்பாக வீட்டுத்திரைக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கிராமத்துப் படுகொலைப் பழி எப்படிச் சூப்பர்மேன் மீது திட்டமிட்டுச் சுமத்தப்பட்டது என்பதும், சூப்பர்மேனாகிய கிளார்க் கென்ட் செய்தியாளராகக் கோத்தமில் விசாரிப்பதும் அதில்தான் தெளிவாகின்றன. இந்தக் காட்சிகள் போனதால் திரையரங்குப் பதிப்பில் நாயகன் காரணமில்லாமல் முகம் வாடித் திரிபவனாகத் தோன்றினான். வெட்டு படத்தைச் சிதைத்திருந்தது என்பதை ஸ்டுடியோவின் நீளப் பதிப்பே நிரூபித்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் ஸ்னைடர் இயக்கிவந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ வந்தது. 2017 மார்ச்சில் ஸ்னைடரின் மகள் ஆட்டம் தற்கொலை செய்துகொண்டார். மே மாதம் ஸ்னைடரும், தயாரிப்பாளரான அவர் மனைவி டெபோராவும் படத்திலிருந்து விலகினார்கள். பொறுப்பேற்ற ஜாஸ் வீடன் பல காட்சிகளைத் திரும்ப எழுதி எடுத்தார். படம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறு படத்துக்காக வளர்த்திருந்த மீசையைக் கணினியில் அழித்ததும், அதனால் அவருடைய மேலுதடு விகாரமாகத் தெரிந்ததும் அந்தப் பதிப்பின் அவசரத்துக்குச் சான்றாக நிலைத்துவிட்டன. நவம்பரில் வெளியான படம் உலக அளவில் சுமார் 65 கோடி டாலரோடு நின்றது. அதன் செலவை வைத்துப் பார்த்தால் இது தோல்வி.

வெளியான சில நாட்களிலேயே ஸ்னைடரின் பதிப்பைக் கேட்டு மனு எழுந்தது. அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளில் ஹேஷ்டேக், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை, சான் டியேகோ காமிக்கான் விழாவின் மேலே பதாகையோடு பறந்த விமானம் என்று இயக்கம் வளர்ந்தது. அதோடு தற்கொலைத் தடுப்புக்கான அமெரிக்க அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் வேலையும் நடந்தது. திரண்ட தொகை 5 லட்சம் டாலரைத் தாண்டியது. இயக்கத்தைக் கடுமையாகக் கண்டிப்பவர்கள்கூட இந்தச் செயலை மதிக்க வேண்டும். ஓர் இயக்குநரின் வீட்டுத் துயரத்தை ரசிகர்கள் பொதுநலனாக மாற்றியது அரிது. 2019 நவம்பரில், படம் வெளியான இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில், அதில் நடித்த பென் அஃப்லெக்கும் கால் கடோட்டும் அதே ஹேஷ்டேக்கைப் பதிவிட்டார்கள். 2020 மே 20 அன்று, எச்பிஓ மேக்ஸ் ஸ்ட்ரீமிங் சேவை படத்தை வெளியிடும் என்று ஸ்னைடர் அறிவித்தார்.

இதை ரசிகர்களின் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அறிவிப்புக்கு ஒரு வாரம் கழித்து எச்பிஓ மேக்ஸ் தொடங்கவிருந்தது. பெருந்தொற்று காரணமாகப் படப்பிடிப்புகள் எங்கும் நின்றிருந்தன. பெரும்பகுதி எடுத்து முடிந்து, படத்தொகுப்பும் கிராஃபிக்ஸும் மட்டுமே பாக்கியிருந்த ஒரு சூப்பர் ஹீரோ படம் புதிய ஸ்ட்ரீமிங் சேவைக்குக் கிடைத்த பொக்கிஷம். இயக்கம் இரண்டரை ஆண்டுகள் அந்தப் படத்தின் பெயரை உயிரோடு வைத்திருந்தது. கதவைத் திறந்தது வணிகத் தேவை. இந்த வேறுபாட்டை ரசிகர்கள் உணராததே பின்னால் வந்த ஏமாற்றத்துக்குக் காரணம்.

2021 மார்ச் 18 அன்று வெளிவந்த ‘ஜாக் ஸ்னைடரின் ஜஸ்டிஸ் லீக்’ நான்கு மணி இரண்டு நிமிடம் ஓடுகிறது. முடித்துக்கொடுக்க சுமார் 7 கோடி டாலர் கூடுதலாகச் செலவானதாகச் செய்திகள் கூறின. ரசிகர்களின் வாதம் எந்த அளவுக்குச் சரி என்பதை சைபார்க் பாத்திரத்தை வைத்தே அளந்துவிடலாம். 2017 பதிப்பில் ரே பிஷர் நடித்த சைபார்க்கான விக்டர் ஸ்டோன், வசனம் குறைந்த ஒரு துணைக் கருவி. 2021 பதிப்பில் அவனுடைய கால்பந்து நாட்கள், தாயை இழந்த விபத்து, தந்தையின் மேல் தீராத கோபம், அந்தத் தந்தை மகன் கண்ணெதிரிலேயே உயிர்விடுவது என்று படத்தின் நெஞ்சே அவனாகிறான். முந்தைய பதிப்பில் அந்தத் தந்தை சாகவே இல்லை. காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஃப்ளாஷின் ஓட்டமும், டார்க்சைட் என்ற முதன்மை எதிரியும் முன்பு காணாமல் போயிருந்தவை. முந்தைய பதிப்பைத் தாங்காத விமர்சகர்கள் பலர் இதை வரவேற்றார்கள். ஒரு கறுப்பின நடிகரின் முழுப் பாத்திரம் வெட்டி எறியப்பட்டிருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது இந்தப் பதிப்பால்தான். அதற்கு முந்தைய ஆண்டு பிஷர், வீடனின் நடத்தை குறித்துப் பொதுவில் குற்றம்சாட்டியபோது அவர் பக்கம் திரண்டு நின்றவர்களும் இந்த ரசிகர்களே.

புதிய பதிப்பின் குறைகளும் கண்ணெதிரிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு வருகையும் சடங்குபோல நீள்கிறது. எல்லாக் காட்சிக்கும் ஒரே கனம் கொடுக்கப்படுவதால் முக்கியமானது எது என்று தெரிவதில்லை. 2020இல் புதிதாக எடுத்த ஜோக்கர் காட்சி, வராத அடுத்த படத்துக்கான விளம்பரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை மீட்கப்பட்ட படம் என்று அழைப்பதிலும் கவனம் வேண்டும். நான்கு மணி நேரப் படத்தை எந்த ஸ்டுடியோவும் 2017இல் திரையரங்குக்கு அனுப்பியிருக்காது. பழைய காட்சிகளைக் கொண்டு, திரையரங்கின் நிர்ப்பந்தம் இல்லாத ஸ்ட்ரீமிங் காலத்தில் செய்த புதிய படம் இது. ரிச்சர்ட் டோனரின் ‘சூப்பர்மேன் 2’ பதிப்பு, அவர் நீக்கப்பட்டுக் கால் நூற்றாண்டு கழித்து 2006இல் வந்தபோதும் நிலைமை இதேதான்.

கேட்டது கிடைத்த பிறகு இயக்கம் கலையவில்லை. ‘ஸ்னைடர்வெர்ஸை மீட்டுக்கொடு’ என்ற புதிய முழக்கத்தோடு, அடுத்தடுத்த படங்களையும் ஸ்னைடரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றது. எடுத்து முடித்த ஒரு படைப்பைக் காட்டச் சொல்வதற்கும், எடுக்காத படங்களை இன்னார்தான் எடுக்க வேண்டும் என்று ஆணையிடுவதற்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. முதலாவதில் படைப்பாளியின் உழைப்பு பிணையாக இருந்தது. இரண்டாவதில் எண்ணிக்கையின் அழுத்தம் மட்டுமே இருந்தது. ஸ்டுடியோ அதிகாரிகள், விமர்சகர்கள், வேறு டிசி காமிக்ஸ் படங்களில் பணிபுரிந்தவர்கள் மீது சமூக ஊடக வசையும் மிரட்டலும் தொடர்ந்தன. ரசிகர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யவில்லை. ஆனால் செய்தவர்களைக் கண்டித்த குரல்களும் உரக்க ஒலிக்கவில்லை. இயக்கத்தில் பங்கேற்ற கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி என்று ஸ்டுடியோ பெற்ற ஆய்வறிக்கைகள் கணித்ததாக 2022 ஜூலையில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் எழுதியது. இயல்பான விகிதம் 3 முதல் 5 சதவீதம் என்றும் அது குறிப்பிட்டது. ரசிகர்கள் இதைத் தங்களை இழிவுபடுத்தும் முயற்சியாகவே பார்த்தார்கள். அந்தக் கணக்கீட்டின்படியே பார்த்தாலும் பெரும்பான்மை உண்மையான ஆட்கள்தான். ஆனால் எண்ணிக்கையையே வாதமாக வைத்த ஓர் இயக்கத்துக்கு எண்ணிக்கை மீதான சந்தேகம் பெரிய அடி.

ரசிகர் நம்பிக்கைக்கு உண்மையான சோதனை ‘ரெபல் மூன்’. நெட்ஃபிளிக்ஸுக்காக ஸ்னைடர் எடுத்த இந்தக் கதை 2023 டிசம்பரிலும் 2024 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டுக்கும் நீண்ட, வன்முறை கூடிய பதிப்புகள் வந்தன. இந்த ஏற்பாடு முன்பே திட்டமிடப்பட்டது. இங்கே கதையைப் பறித்த நிர்வாகியும் இல்லை, இடையில் புகுந்த வேறு இயக்குநரும் இல்லை. நீண்ட பதிப்பில் பின்னணிகள் விரிந்தன, குரூரம் கூடியது. போராளிகளை ஒவ்வொருவராகத் திரட்டும் கதையில் அந்தப் போராளிகள் மட்டும் மனிதர்களாக உருப்பெறவே இல்லை. சைபார்க்குக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு வாழ்வு இவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஸ்னைடரின் குறை எல்லாம் கத்தரிக்கோலால் வந்தது என்ற வாதம் இந்தப் படங்களோடு நிற்க முடியாது. படத்தைப் பொத்தாம்பொதுவாகப் புகழாமல் இதை ஒப்புக்கொண்ட ரசிகர்களும் இருந்தார்கள். அவர்களிடமே இந்த அணியின் திறனாய்வு நேர்மை எஞ்சியிருக்கிறது.

2022 இறுதியில் டிசி படங்களின் பொறுப்பு ஜேம்ஸ் கன், பீட்டர் சாஃப்ரன் இருவரிடமும் போனது. ஸ்னைடரின் முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் கன். கேவில் விலக்கப்பட்டார், டேவிட் கோரன்ஸ்வெட் நடிக்க, கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’ 2025 ஜூலையில் வெளியாகி 60 கோடி டாலரைத் தாண்டியது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அந்தப் படத்தைப் பார்க்கும் முன்பே எதிரியாக அறிவித்தார்கள். இன்னொரு பகுதியினர் பார்த்து ரசித்துவிட்டு, ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ மீதான பற்றையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். ரசிகர்களில் ஒரு பகுதியினர் இப்படிப் பகை பாராட்டிய அதே ஆண்டு ‘ரிக் அண்ட் மார்ட்டி’ கார்ட்டூன் தொடரில் ஸ்னைடரும் கன்னும் தத்தம் பெயரிலேயே சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.